சித்தி என்று கூப்பிடாதவள்

ஜூன் 9

தங்கச்சிக்கு,

இனிமேல் போன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுக்காததற்குக் காரணம் அது இல்லை.

போன வாரம் தெரியாமல் ஒரு தடவை எடுத்துவிட்டேன். நீ "அக்கா" என்று ஆரம்பித்தாய். நீ முடிப்பதற்குள் நான், "பாப்பா, எங்கடி இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் நீ அழுவது கேட்டது. உன் குரலும் என் மகள் குரலும் ஒன்று என்று எல்லாரும் சொல்வார்களே, பக்கத்து வீட்டுக்காரி எத்தனை தடவை ஏமாந்திருக்கிறாள். அப்போது சிரித்தோம். இப்போது அந்தக் குரலை வைத்துக்கொண்டு நீ என்னிடம் பேசாதே. எழுது. காகிதத்துக்குக் குரல் கிடையாது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனபோது விட்டுப் போன சாமான்கள் அப்படியே இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் உன் மஞ்சள் சூப்பர்வைசர் கோட்டு தொங்குகிறது. விசில் அதன் பையிலேயே இருக்கிறது. சலவை ஆலையில் இருந்து யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் நீதான் நிற்கிறாயோ என்று இருக்கிறது.

நான் துணி மடிக்கிற ஹாலில் இருந்தேன். நீயும் அவளும் சுவருக்கு அந்தப் பக்கம், துணி தேய்க்கிற ரோலர் ஹாலில். அவள் ரோலரில் விடுகிற விரிப்பு, சுவரில் இருக்கிற சந்து வழியாக என் மேஜைக்குத்தான் வரும். சூடாக வரும். அன்றைக்குக் கொஞ்ச நேரம் விரிப்பு வரவில்லை. பிறகு வந்தது. வந்ததை நான் மடித்தேன். என் பிள்ளை விழுந்து கிடந்ததை, தூக்கிக்கொண்டு போனதை, வழியிலேயே அவள் முடிந்துபோனதை எல்லாம் யாரோ ஓடி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் மடித்துக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே அவளுக்கு உடம்பு காய்ந்தது. போக வேண்டாம் என்றேன். "ஒரு நாள் கூலி போயிடும்மா, சித்தி இருக்காங்கல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ ஏன் விடவில்லை? அதை மட்டும் எழுது. அழுகையை எழுதாதே.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்கவே ஒரு நாள் ஆனது. நான் இங்கே ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறேன். தங்க இடம் தந்திருக்கிறார்கள். எனக்குக் கீழே யாரும் இல்லை. அது ஒன்றுதான் இப்போதைக்கு நிம்மதி.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். சாக்கு என்று நினைக்காதே.

நீ ரோலர் ஹாலுக்குள் வந்ததில்லை. அங்கே இரும்புப் படி ஏறினால் ஒரு மேடை. சூப்பர்வைசர் அதில்தான் நிற்க வேண்டும். மேலே இருந்து பார்த்தால் யார் முகமும் தெரியாது. தலையில் கட்டிய வெள்ளைத் துணிதான் வரிசையாகத் தெரியும். எதிரே மானேஜரின் கண்ணாடி அறை. அதன் மேல் சிவப்பு விளக்கு. வேலை பின்தங்கினால் விளக்கு எரியும். எரிந்தால் மானேஜர் கனைத்துக்கொண்டே இறங்கி வருவார். பாப்பாவும் மற்ற பெண்களும் அவருக்குத் 'தொண்டை' என்று பெயர் வைத்தது உனக்குத் தெரியும். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கனைப்பு என் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு விரிப்பு ஏற்றிப் போகிற லாரி வருவதற்கு முன்னால் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒருத்தி போனால் எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளும் சும்மா நிற்க வேண்டும். அதனால் யார் கேட்டாலும் "லாரி போனதும் போ" என்பேன். தலைவலி என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். பாதி பொய்யாக இருக்கும். எது நிஜம், எது பொய் என்று பார்ப்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்கும் அதையே சொன்னேன். அவள் "சரி மேடம்" என்று திரும்பிப் போனாள்.

மேடம் என்று கூப்பிடச் சொன்னதும் நான்தான். அவள் சித்தி சித்தி என்று கூப்பிட, மற்றவர்கள் "இது சித்தி ராஜ்ஜியம்டி, நமக்கு எங்க நியாயம்" என்று முணுமுணுத்தார்கள். ஒரு நாள் எல்லார் முன்னாலும், "இங்க சித்தியும் கிடையாது கித்தியும் கிடையாது, மேடம்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் சல்யூட் அடித்து, "மேடம், குளிக்கத் தண்ணி எடுத்து வைக்கட்டுமா மேடம்?" என்று கேட்டு நம் இரண்டு பேரையும் சிரிக்க வைத்தாள். ஞாபகம் இருக்கிறதா?

அக்கா, நான் அவளை வளர்த்தவள். நீ வேலைக்குப் போனபோது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள். எனக்கு அவள்மேல் பாசம் இல்லாமலா? அந்த மேடையில் யார் நின்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு இருந்த பொறுப்பு அப்படி.

ஒரு தடவை நான் வந்து உன்னைப் பார்க்கலாமா?

உன் தங்கச்சி


ஜூலை 2

தங்கச்சிக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. படித்த பிறகு அதில் ஒன்றும் இல்லை.

யார் நின்றாலும் என்கிறாய். நான் நின்றிருந்தால்? பெற்றவள் நின்றிருந்தால், உடம்பு கொதிக்கிற பிள்ளையைப் பார்த்து லாரி போனதும் போ என்று சொல்லியிருப்பேனா? மேடையில் இருந்து முகம் தெரியாதாம். அவள் படியேறி வந்துதானே கேட்டாள். பக்கத்தில் வந்தவள் முகமுமா தெரியவில்லை?

உன்னைப் பத்தாவது வரை படிக்க வைக்க நான் அஞ்சாவதோடு நின்றேன். அந்தப் படிப்புக்குத்தான் உனக்கு மஞ்சள் கோட்டு கொடுத்தார்கள். அதை நினைத்துப் பார்த்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வந்து பார்க்க வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். நேற்று தொண்டை வீட்டுக்கு வந்தார். நீ உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண்கள் யாரும் சரியாக வேலை செய்வதில்லையாம். நீ விட்டுப் போன இடத்துக்கு ஒருத்தியைக் கொண்டுவந்தார்களாம், அவளைப் பார்த்து எல்லாரும் முறைக்கிறார்களாம். ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, "அம்மா, நீங்க வந்து நில்லுங்க. உங்களைவிட அந்தப் பொண்ணுங்க மேல யாருக்கு அக்கறை இருக்கும்? உங்க சொல்லைத் தட்ட மாட்டாங்க" என்றார்.

எனக்குப் படிப்பு பத்தாதே, கணக்கு வராதே என்றேன். அதற்கு ஆள் போடுகிறேன், நீங்கள் நின்றால் போதும் என்றார்.

அவருக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செத்தவளின் அம்மா நின்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தெரிந்துதான் சரி என்றேன். என் பிள்ளைக்கு ஆனது இன்னொருத்தி பிள்ளைக்கு ஆகக் கூடாது. அந்த இடத்தில் மனுஷியாக நிற்க முடியும் என்று உனக்குக் காட்டுகிறேன்.

உன் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கை நீளமாக இருக்கிறது, மடித்து விட்டுக்கொள்வேன்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். மடிக்கிற ஹாலிலேயே இரு.

நான் கெட்டவள் என்று வைத்துக்கொள், அதற்காகவாவது நான் சொல்வதைக் கேள். அந்தக் கோட்டைப் போட்ட முதல் நாள் நான் என்ன நினைத்துப் போனேன் தெரியுமா? நீ இப்போது எழுதியிருப்பதைத்தான். பழைய சூப்பர்வைசர் மாதிரி கத்தக் கூடாது, எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும், நம்ம பிள்ளைங்க என்று.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி பெட்டியை நகர்த்தினாள். பிறகு இன்னொருத்தி. அக்கா, மூன்றாவதாக நகர்த்தியது நீ. நீ வேண்டுமென்று செய்யவில்லை, கோட்டில் சிந்திவிடும் என்று பயந்து நகர்த்தினாய். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாளில் இருந்து நான் மேடையிலேயே சாப்பிட்டேன்.

போகத்தான் போவாய் என்றால், விசிலையாவது கழுத்தில் மாட்டாதே. அது கையில் இருந்தால் வாய் பேசாது.

தங்கச்சி


ஆகஸ்ட் 8

தங்கச்சிக்கு,

வேலை நன்றாகப் போகிறது. உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே ரோலருக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் வைக்கச் சொன்னேன். மூலையில் ஒரு பெஞ்சு. தலை சுற்றுகிறவள் யாரையும் கேட்காமல் போய் உட்காரலாம் என்றேன். எல்லாரும் அழுதார்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாப்பாவோடு ஜோடியாக நின்ற பெண் இருக்கிறாளே, வாய் ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்களே, அவள்கூட இப்போது சிரிக்கிறாள். "பெரியம்மா, மேடம்னு கூப்பிட்டாத்தான் சம்பளம் ஏறும்னா சொல்லுங்க, பெரிய மேடம்னே கூப்பிடுறோம்" என்று கிண்டல் பண்ணுகிறாள். பாப்பா நின்ற இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள். ஒல்லியாக, காற்றடித்தால் பறந்துவிடுவது போல இருப்பாள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

விசிலை மாட்டவில்லை. பையிலேயே வைத்திருக்கிறேன்.

முதலில் மேடையில் நிற்கவும் இல்லை. கீழேதான் நடந்துகொண்டிருந்தேன். ஆனால் கால் வீங்குகிறது, அதோடு கீழே நின்றால் கடைசி ரோலர் தெரிவதில்லை. போன வாரம் ஒரு விரிப்பு உள்ளே சிக்கிக் கருகிப் போனது. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. தொண்டை என்னை ஒன்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு இரக்க குணம்மா, அதான் ஏறி மிதிக்கிறாங்க" என்றார், அவ்வளவுதான். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாம் நல்லதுக்குச் செய்தால் அதை வைத்துக்கொண்டு ஆட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தலை சுற்றுகிறது என்று போய் உட்கார்ந்து போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. அப்போது நிஜமாகத் தலை சுற்றுகிறவளுக்கு எங்கே இடம்? இவளுங்களுக்காகத்தானே நான் அங்கே போய் நிற்கிறேன், அது ஏன் புரிய மாட்டேன் என்கிறது.

பெஞ்சை இப்போது மேடைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு உட்காரட்டும்.

ஆனாலும் யாரையும் வெளியே விடமாட்டேன் என்று நான் சொன்னதில்லை. அதை நீ தெரிந்துகொள்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தண்ணீர் டிரம் வைத்தாய் என்று படித்ததும், இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று சோப்புக் கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தின் மேல் பாதியில் "நம் பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறாய். கீழே வரும்போது "இவளுங்க" என்று எழுதியிருக்கிறாய். ஒரே காகிதம்தான். எனக்கும் அப்படித்தான் மாறியது. மாறும்போது சத்தம் கேட்காது அக்கா.

வந்துவிடு. அந்தப் படியை விட்டு இறங்கிவிடு.

தங்கச்சி


ஆகஸ்ட் 27

என் கடிதத்தைத் திருத்துவதற்கு நீ வாத்தியார் இல்லை. இனி எழுதாதே.


அக்டோபர் 3

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றேன். நீ எழுதவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. காலையில் இருந்தே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மேடையில்தான் நின்றேன். இப்போதெல்லாம் அங்கேதான் நிற்கிறேன். சாப்பிடுவதும் அங்கேதான். யாரும் பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் நானே போய்விட்டேன். அன்றைக்கு நான் நகர்த்தியதும் எனக்கு ஞாபகம் வந்தது. நீ எழுதும்வரை அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

விசில் கழுத்தில் இருந்தது. எப்போது மாட்டினேன் என்று கேட்காதே. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, அதனால் மாட்டினேன்.

லாரி வருகிற நேரம். தொண்டை கீழே வந்து படிக்குப் பக்கத்தில் நின்றார். கனைத்தார். அந்த ஒல்லிப் பெண் விரிப்பை விட்டுவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள்.

"பெரியம்மா, முகம் கழுவிட்டு வந்துடுறேன். கொஞ்ச நேரம்தான்."

"லாரி போனதும் போ" என்றேன்.

"கண்ணு எரியுது பெரியம்மா."

நான் சொன்னேன்: "இங்க பெரியம்மாவும் கிடையாது சின்னம்மாவும் கிடையாது. மேடம்னு கூப்பிடு. போய் நில்லு."

அவள் "சரி மேடம்" என்றாள். போய் நின்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி போனது, முகம் கழுவினாள், சாயங்காலம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்பதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் தெரியுமா. உனக்கும் அதுவரைக்கும் ஒன்றும் ஆகாமல்தானே இருந்தது.

அவள் "சரி மேடம்" என்றபோது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. வெட்கம் தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒருத்தி அடங்கினாள், விளக்கு அணைந்துவிடும் என்று நெஞ்சு லேசானது. அவள் படி இறங்கி, என் பிள்ளை நின்ற இடத்தில் போய் நின்று, விரிப்பின் முனையைக் கையில் எடுத்தாள். எதிர் முனையைப் பிடித்திருந்த ரேடியோ கையை விட்டுவிட்டாள். விரிப்பு கோணலாக உள்ளே போனது. ரேடியோ மெஷினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

வேலை முடிந்ததும் குழாயடியில் அவளைப் பிடித்தேன். எதற்கு அப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். பேச மாட்டேன் என்றாள். அந்த வாய் பேச மாட்டேன் என்றது. நான் விடவில்லை. பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கும் இதேதான் பெரியம்மா. அவ கை என் கையில பட்டது, அடுப்பு மாதிரி சுட்டுது. போடி, போய்க் கேளுன்னேன். கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டா. அடி பைத்தியமே, மேடம்னு கேட்டா எப்படி விடுவாங்க, சித்தின்னு கூப்பிடுடி, பதறிப் போய் விட்டுடுவாங்கன்னேன். அவ சிரிச்சா. வேணாம்டி, தொண்டை நிக்குறாரு, எல்லாரும் பாக்குறாங்க, சித்திக்குப் பேச்சு வரும்னா. திரும்ப ஒரு தடவை போகச் சொன்னேன். போனா. அப்பவும் மேடம்னுதான் கூப்பிட்டா."

தங்கச்சி, அவள் இரண்டு தடவை உன்னிடம் வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் உன் பேரைக் காப்பாற்றத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நீ கோட்டோடு ஓடி வந்திருப்பாய். அது எனக்குத் தெரியும். நீ என் தங்கச்சி, எனக்குத் தெரியாதா.

மறுநாள் கோட்டை மடித்துத் தொண்டையின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். "என்னம்மா, சம்பளம் பத்தலையா?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் தோன்றியது. அவர் தலைக்கு மேலே யார் கனைக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

நீ எழுதினாயே, அந்த மேடையில் யார் நின்றாலும் என்று. நான் நின்று பார்த்துவிட்டேன். பெற்றவள் நின்றும் அதேதான் வந்தது. உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அக்கா


அக்டோபர் 12

அக்காவுக்கு,

சித்திக்குப் பேச்சு வரும் என்று அவள் சொன்னாள் என்பதைப் படித்த பிறகு இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை.

நீ என்னை விடுகிறாய். அப்படி விடாதே அக்கா. ஜூன் மாதம் யார் நின்றாலும் என்று நான் எழுதியபோது, எனக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டியிருந்தது. இப்போது நீயே வந்து அந்த இடத்தைக் காட்டி, உள்ளே வா என்கிறாய். நான் வர மாட்டேன்.

மேடை அப்படித்தான். விளக்கு அப்படித்தான். எல்லாம் சரி. ஆனால் நீ சொன்ன வார்த்தை உன் காதில் விழுந்தது. மறுநாளே இறங்கிவிட்டாய். நான் அதை வருஷக் கணக்கில் சொன்னேன், என் காதில் விழவே இல்லை. கோட்டுக்குள்ளே நான்தான் இருந்தேன், வேறு யாரும் இல்லை.

அவள் இரண்டு தடவை வந்தது உண்மை. இரண்டாவது தடவை நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டினேன், போ என்று. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தால், எனக்குக் காலையில் வீட்டில் தலை பின்னிக்கொண்டிருந்த முகம்தான் வருகிறது.

நீ ஒரு கேள்விதான் கேட்டாய். கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நின்றுபோன விரிப்பு உன் மேஜைக்கு மறுபடியும் எப்படி வந்தது? அதை நீ உன் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய், கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் விழுந்ததும் ரேடியோ கத்தினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு விசில் ஊதினேன். "இடத்தை நிரப்பு" என்று பக்கத்து ரோலர்க்காரியைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் படி இறங்கினேன். என் பிள்ளை தரையில் கிடந்தாள், அவள் தலைக்கு மேலே இன்னொருத்தி விரிப்பை விட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் நீ மடித்தாய்.

அந்த மேடைதான் இதை என்னைச் சொல்ல வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்கு நான் யாரும் இல்லை என்று ஆகிவிடும். நான் அவளுக்குச் சித்தி. சித்தியாக இருந்துகொண்டுதான் செய்தேன். அந்த உறவையாவது என்னிடம் விட்டு வை.

வரலாமா என்று இனிமேல் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டிரு.

தங்கச்சி


அக்டோபர் 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மடித்து வைக்கப் பார்த்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷம் மடிக்கிற வேலை பார்த்த கை. மேஜைமேல் விரித்தபடியே கிடக்கிறது.

விசில் ஊதினாய் என்று எழுதியிருக்கிறாய். உன்னை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. மன்னிக்கவில்லை என்று எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

அவளை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். அவளுக்குப் பல் விழுந்தது, அவள் பஸ்ஸில் தொலைந்தது, சல்யூட் அடித்தது எல்லாம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீ அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டும், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டும் ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தால் அவள் எங்கே இருப்பாள்.

வா.

எந்த பஸ், எந்த நேரம் என்று எழுத வேண்டாம். கதவுக்குப் பின்னால் இப்போது கோட்டு இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. உன் பையை அதில் மாட்டிக்கொள்ளலாம். மானேஜர் உட்கார்ந்த ஸ்டூலைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வந்தால் கதவைத் தட்டாதே. வெளியே நின்று கூப்பிடு. உன் வழக்கப்படி அக்கா என்றே கூப்பிடு, வேறு மாதிரி ஒன்றும் வேண்டாம். உங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்று, அம்மா என்றாலும் அக்கா என்றாலும் முதல் எழுத்தும் ஒன்றுதான். அந்த ஒரு எழுத்து வரைக்கும் அவள் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த எழுத்துக்கு எழுந்து வந்து உனக்குக் கதவைத் திறக்கிறேன்.

அக்கா